எஃகு நாணயங்களின் எடை வேறுபாடும் மறுமுலாமும்

நாணயம் ஒன்றைக் கையில் எடுத்ததும் நாம் நோக்குவன அதன் முகப்பும், மதிப்பும், ஆண்டுமே. விளிம்பை நோக்குவோர் மிகச் சிலர். அதனைத் தராசில் இட்டுப் பார்ப்போர் அவரினும் சிலர். ஆயினும் பழைய எஃகு நாணயங்களைப் பொறுத்தமட்டில், முகப்பு நம்மைப் பலமுறை ஏமாற்றுகிறது. எடை ஓரளவு உண்மை கூறுகிறது. விளிம்போ பெரும்பாலும் வழக்கை முடித்தே வைத்துவிடுகிறது. ஒரு நாணயம் நாணயச்சாலையிலிருந்து வெளிவந்த மேற்பரப்புடனேயே இருக்கிறதா, அன்றிப் பிற்காலத்தில் எவரேனும் அதன் பூச்சைக் களைந்து மீண்டும் முலாம் பூசியுள்ளனரா என்பதை எளிய கருவிகளைக் கொண்டே எவ்வாறு ஆராயலாம் என்பதனை இக்கட்டுரையில் காண்போம்.

இவ்வினா வெறும் பொழுதுபோக்கு வினா அன்று. பள்ளிக் காட்சிப் பேழைக்கென மாணவர் கொண்டுவரும் நாணயங்களிலும், ஊர்களுக்குச் செல்லும் கள ஊழியர்களிடம் மக்கள் எடுத்துக் காட்டும் நாணயங்களிலும் எஃகு நாணயங்கள் இன்று கணிசமாக உள்ளன. கேரளத்தில் அயல்நாடு சென்று உழைத்தவர் இல்லாத ஊரைக் காண்பது அரிது. ஆகவே அயல்நாட்டுச் சில்லறையும் இல்லங்கள்தோறும் உண்டு. நம் நாட்டு எஃகு நாணயங்களிலேயே 10 பைசாவும் 25 பைசாவும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவையாகிப் பழம்பொருள்களின் வரிசையில் சேர்ந்துவிட்டன. ‘பளபளப்பாக இருக்கிறது, எடையும் மாறுபடுகிறது, ஆகவே அபூர்வமானது’ என்று கூறி விற்பவரும், அதனை நம்பிப் பணத்தை இழப்பவரும் உளர். பண இழப்பு ஒருபுறமிருக்க, அழகுபடுத்த எண்ணி முலாம் பூசுவோரால் அந்நாணயம் தாங்கிவந்த சான்றும் மீளாவண்ணம் அழிந்துபோகிறது.

எடை வேறுபாடு என்பது திருவனந்தபுரத்திற்குப் புதிய செய்தி அன்று. திருவிதாங்கூரின் வெள்ளிச் சக்கரம் அரை கிராம் எடைகூட இல்லாத ஒரு பொடி நாணயம். பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒன்றுக்கு 28½ சக்கரங்கள் ஈடாகக் கொள்ளப்பட்டன. இத்துணைச் சிறிய காசுகளை ஆயிரக்கணக்கில் எண்ணுவதற்குச் சக்கரப்பலகை என்னும் கருவி பயன்பட்டது. வரிசையாகக் குழிகள் குடைந்த மரப்பலகையின்மீது ஒரு பிடி சக்கரங்களைக் கொட்டி, அசைத்து, மிகுதியை வழித்துவிட்டால், குழிக்கு ஒன்றாக நின்றவை குறித்த தொகையாகும். ஒரு காசு சற்றுக் கனமாயினும் இலேசாயினும் பலகைக்குக் கவலையில்லை. கையால் அடித்த நாணயங்களில் எடை சிறிது முன்பின்னாக இருப்பதை மக்கள் இயல்பாகவே ஏற்றுக்கொண்டனர். நாணயச்சாலையை இப்பக்கத்தில் ‘கம்மட்டம்’ என்பர். தமிழ் நூல்களில் வரும் ‘கம்பட்டம்’ என்பதும் அதுவே. பழைய நாணயங்களை நேரில் காண விரும்பும் ஆசிரியர்கள் நெடுமங்காட்டிலுள்ள கோயிக்கல் அரண்மனைக்கு மாணவரை அழைத்துச் செல்லலாம். தொல்பொருள் துறையின் நாணய அருங்காட்சியகம் அங்குள்ளது.

இயந்திரத்தால் அச்சிடும் காலம் வந்தபின், எல்லா நாணயங்களும் ஒரே எடையினவாக இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றிவிட்டது. உண்மையில் அவ்வாறில்லை. இதனை விளக்க எஃகு நாணயத்தைக் காட்டிலும் தக்க எடுத்துக்காட்டு வேறில்லை.

செம்புக்குப் பஞ்சம் வந்த கதை

இரண்டாம் உலகப் போரின்போது வெடிகுண்டு உறைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் செம்பு பெருமளவில் தேவைப்பட்டது. அதனால் சில்லறை நாணயங்களில் செம்பைக் குறைக்க ஒவ்வொரு நாடும் ஒரு வழியை நாடியது. நம் நாட்டில் காலணாவின் நடுவில் துளையிட்டுச் செம்பை மிச்சப்படுத்தினர். 1943 முதல் 1947 வரை வெளிவந்த அந்த ‘ஓட்டைக் காலணா’வை முதியோர் பலர் இன்றும் நினைவில் வைத்திருப்பர். அமெரிக்க ஐக்கிய நாடு செம்பையே விட்டொழித்து, 1943-ஆம் ஆண்டிற்கு மட்டும் எஃகுத் தகட்டின்மேல் துத்தநாகம் பூசிய ஒரு சென்ட் நாணயத்தை அச்சிட்டது. பிலடெல்பியா, டென்வர், சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று நாணயச்சாலைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 109 கோடி நாணயங்கள் அடிக்கப்பட்டன. 109 கோடி அடிக்கப்பட்ட நாணயம் அபூர்வமானதாக இருக்க இயலாது என்பதை வாசகர் முதலிலேயே மனத்தில் கொள்ளுதல் நலம்.

இந்நாணயத்தை மக்கள் விரும்பவில்லை. புதிதாக இருக்கும்போது வெள்ளி நிறமாக இருந்ததால், அளவில் நெருங்கியதான பத்து சென்ட் நாணயம் என்று மயங்கினர். தானியங்கி விற்பனைப் பெட்டிகளோ, போலி வில்லைகளைக் காந்தத்தால் பிரித்தெடுக்கும் அமைப்புடையவையாதலால், இதனையும் போலி என்றே ஒதுக்கின. சில மாதங்களில் நாணயம் கறுத்தது. விளிம்பில் துரு ஏறியது. 1944-இல் அரசு செம்புக் கலவைக்கே திரும்பியதுடன், பிற்காலத்தில் எஃகு நாணயங்களில் பல கோடியை ஆரவாரமின்றித் திரும்பப் பெற்றுக்கொண்டது. மிகுந்த எஃகு வில்லைகளில் ஒரு பகுதி வீணாகவில்லை: ஜெர்மானியர் பிடியிலிருந்து விடுபட்ட பெல்ஜியத்திற்காக 1944-இல் இரண்டு பிராங்கு நாணயங்கள் அவ்வில்லைகளில் பிலடெல்பியாவில் அச்சிடப்பட்டன.

துரு ஏன் விளிம்பில் தொடங்கியது? இங்கேதான் நமது வினாவின் திறவுகோல் உள்ளது. முதலில் எஃகுத் தகட்டின் இரு பக்கமும் துத்தநாகம் பூசப்பட்டது. அதன்பின் அத்தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டி எடுக்கப்பட்டன. அதன்பின் அச்சு பதிக்கப்பட்டது. ஆகவே நாணயத்தின் இரு முகங்களிலும் துத்தநாகம் உண்டு. வெட்டுப்பட்ட விளிம்பில் எஃகு வெறுமையாகவே நிற்கிறது. இரும்பைவிடத் துத்தநாகம் எளிதில் அரிபடும் உலோகம். ஈரத்தில் இரண்டும் சேர்ந்திருக்கும்போது துத்தநாகம் தன்னை இழந்து இரும்பைக் காக்கும். கூரைக்கு இடும் நாகத் தகட்டில் கீறல் விழுந்த இடமும் சில காலம் துருவேறாமல் இருப்பது இக்காரணத்தாலேயே. ஆனால் இந்தக் காவல், பூச்சு தீரும்வரைதான். மெல்லிய பூச்சும், கைவியர்வையின் உப்பும், ஓயாத உராய்வும் சேர்ந்தால் காவலன் விரைவில் மடிகிறான். பின் விளிம்பு சிவக்கிறது.

கனடா நாட்டின் பன்னிரு பக்க ஐந்து சென்ட் நாணயமும் 1944, 1945 ஆகிய ஆண்டுகளிலும், மீண்டும் 1951 முதல் 1954 வரையிலும் எஃகில் வெளிவந்தது. அதில் நிக்கலும் அதன்மேல் மிக மெல்லிய குரோமியமும் பூசப்பட்டன. அங்கும் பூச்சு முந்தி, வெட்டு பிந்தி. ஆகவே அதன் விளிம்பும் வெறுமையே.

தராசு கூறுவதும் கூறாததும்

இனி எடைக்கு வருவோம். 1943-இன் தொடக்கத்தில் எஃகு சென்ட்டின் எடை 41.5 கிரெயின், அதாவது ஏறத்தாழ 2.69 கிராம் என்று வகுக்கப்பட்டது. அவ்வாண்டின் இடைப்பகுதியில் அது 42.5 கிரெயின், அதாவது 2.75 கிராம் என உயர்த்தப்பட்டது. எனவே ஒரே ஆண்டில், ஒரே வடிவில், இரண்டு சட்டப்படியான எடைகள் உள்ளன. இரண்டிற்குமிடையே உள்ள வேறுபாடு 0.065 கிராம். ‘2.69 கிராம் எடையுள்ளது முதல் வகை, 2.75 கிராம் எடையுள்ளது இரண்டாம் வகை’ என்று பிரித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் ஒரு சிறு கணக்கு இந்நம்பிக்கையைத் தகர்த்துவிடுகிறது.

நாணயத்தின் விட்டம் 19.05 மில்லிமீட்டர், ஒரு முகத்தின் பரப்பு 2.85 சதுர சென்டிமீட்டர். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.85 கிராம். தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு கூடினால், ஒரு வில்லையில் கூடும் எடை 2.85 × 0.001 × 7.85, அதாவது 0.022 கிராம். நூற்றில் மூன்று பங்கு கூடினாலோ 0.067 கிராம். அஃதாவது, தலைமயிர் ஒன்றின் கனத்தினும் குறைவான வேறுபாடு தகட்டில் இருந்தாலே, இலேசான வகை நாணயம் கனமான வகையின் எடையைப் பெற்றுவிடும்! தகட்டை உருளைகளுக்கிடையே அழுத்தி மெலிவிக்கும்போது, ஒரு சுருளின் தொடக்கத்திற்கும் முடிவிற்கும், நடுவிற்கும் ஓரத்திற்கும் இடையே சிறு வேறுபாடு ஏற்படுவது தவிர்க்க இயலாதது. இதனாலேயே எல்லா நாடுகளின் நாணயச் சட்டங்களும் வகுக்கப்பட்ட எடையுடன், அனுமதிக்கத்தக்க கூடுதல் குறைவையும் சேர்த்தே குறிப்பிடுகின்றன. ஆகவே ஒரே ஒரு நாணயத்தை நிறுத்து அதன் வகையைத் துணிந்து கூறுவது விவேகமன்று. நூறு நாணயங்களை நிறுத்தால் இரண்டு குவியல்கள் தோன்றலாம். அது வேறு செய்தி.

பயன்பாட்டால் நேரும் மாற்றமும் எளிய கணக்கன்று. தேய்வதால் எடை குறையும் என்பது யாவரும் அறிந்ததே. துருவேறினால் எடை குறையும் என்பர். அது பாதி உண்மை. இரும்பு துருவாகும்போது காற்றிலிருந்து உயிர்வளியையும் ஈரத்தையும் ஏற்றுக்கொள்கிறது. 1 மில்லிகிராம் இரும்பு ஏறத்தாழ 1.6 மில்லிகிராம் துருவாக மாறுகிறது. எனவே துரு ஒட்டிக்கொண்டிருக்கும்வரை நாணயம் கனக்கும், உதிர்ந்தபின்னரே இளைக்கும். துருவேறிய நாணயம் சரியான எடை காட்டுவதில் வியப்பில்லை; இழப்பும் வரவும் ஒன்றையொன்று ஈடுசெய்திருக்கலாம்.

இப்போது முலாம் பூசுவோனின் பட்டறைக்குச் செல்வோம். கறுத்தும் துருவேறியும் கிடக்கும் நாணயத்தை அவன் முதலில் நீர்த்த அமிலத்தில் இடுகிறான். எஞ்சிய துத்தநாகம் நுரைத்துக் கரைகிறது, துருவும் நீங்குகிறது, இரும்பும் சிறிது கரைகிறது. பின்னர் நன்கு கழுவி, துத்தநாக உப்புக் கரைசலில் எதிர்மின்வாயாகத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்துகிறான். சில நிமிடங்களில் நாணயம் புத்தம்புதிதாகிறது. சிலர் துத்தநாகத்திற்குப் பதிலாகக் குரோமியம் பூசுவர். அமெரிக்க வணிகர் இவ்வகை நாணயத்திற்கு ‘ரீபிராசஸ்டு’ என்று பெயரிட்டுள்ளனர். இச்சொல்லைத் தமிழாக்க முற்பட்டால் ‘மறுபதனம்’ என்று கௌரவமாகச் சொல்லலாம். எனினும் ‘மறுமுலாம்’ என்பதே நேர்மையான மொழிபெயர்ப்பு எனத் தோன்றுகிறது. நம் மொழியில் ‘முலாம் பூசுதல்’ என்னும் வழக்கிலேயே ஓர் எச்சரிக்கை ஒலிப்பதை வாசகர் அறிவர். இன்னது என்று வெளிப்படையாகக் கூறி விளையாட்டுப் பொருளாக விற்பின் குற்றமில்லை. அச்சிட்ட நாளில் இருந்தவாறே காக்கப்பட்ட நாணயம் என்று கூறி விற்பதே ஏமாற்று.

இவ்வேலையால் எடையில் எவ்வளவு மாறுதல் நேரும்? இரு முகங்களிலும் நூற்றில் ஒரு மில்லிமீட்டர் கனத்திற்குத் துத்தநாகம் பூசினால் அதன் எடை 0.04 கிராம். இதே கனத்தில் விளிம்பிலும் பூசினால் அங்கே சேர்வது ஐயாயிரத்தில் ஒரு பங்கு அன்று, ஆயிரத்தில் ஐந்து பங்கு கிராம், அதாவது 0.005 கிராம் மட்டுமே. அமிலத்தில் இழந்ததைக் கழித்து, முலாமில் பெற்றதைக் கூட்டினால், நாணயம் முன்னைய எடையிலேயே வந்து நிற்கக்கூடும். தகட்டின் இயல்பான வேறுபாடு இதைவிடப் பெரிது என்பதை மேலே கண்டோம். ஆகவே மறுமுலாமைக் கண்டறிவதில் தராசு வாய் திறப்பதில்லை.

ஆனால் தராசு உறுதியாகப் பேசும் இடமும் ஒன்றுண்டு. 1943-இல் பழைய செம்பு வில்லைகள் சில எவ்வாறோ இயந்திரத்தில் கலந்து, எஃகிற்குப் பதில் செம்புக் கலவையில் ஒருசில சென்ட் நாணயங்கள் வெளிவந்துவிட்டன. உலகில் அவை மிகச் சிலவே. அவற்றின் விலையும் மிகப் பெரிது. இதனால் சாதாரண எஃகு சென்ட்டிற்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றுவோர் நெடுங்காலமாக உளர். நூற்றில் ஒரு மில்லிமீட்டர் கனத்திற்குச் செம்பு பூசினால் கூடும் எடை 0.06 கிராம், 2.69 கிராம் நாணயம் 2.75 கிராம் ஆகும். உண்மையான செம்புக் கலவை நாணயமோ 3.11 கிராம் இருத்தல் வேண்டும். இந்த வேறுபாடு எந்த நகைக்கடைத் தராசிலும் தெரியும். தராசும் வேண்டாம், ஒரு காந்தத் துண்டு போதும். எஃகு எத்தனை போர்வை போர்த்தாலும் காந்தத்திற்கு ஓடி வந்துவிடும். (ஆண்டெண்ணின் ஓர் இலக்கத்தைச் சுரண்டி மாற்றிய செம்பு நாணயங்களைக் காந்தம் காட்டிக்கொடுக்காது, அதற்கு உருப்பெருக்கி வேண்டும்.)

விளிம்பின் சாட்சியம்

தராசு மௌனமாகும் இடத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி பேசத் தொடங்குகிறது. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்றே போதும். நாணயத்தைச் செங்குத்தாகப் பிடித்து விளிம்பைச் சுற்றிலும் நோக்க வேண்டும். அச்சாலையிலிருந்து வந்தவாறே உள்ள நாணயத்தின் விளிம்பில், இரு வெள்ளிய கோடுகளுக்கிடையே மங்கிய எஃகுப் பட்டை ஒன்று காணப்படும். பெரும்பாலும் அதில் துருவின் சாயலும் இருக்கும். மின்முலாமோ கரைசலில் மூழ்கிய நாணயத்தின் எல்லாப் பக்கத்தையும் தழுவுவது; முகம், விளிம்பு என்ற வேற்றுமை அதற்கில்லை. ஆகவே மறுமுலாம் பூசிய நாணயத்தின் விளிம்பு முகத்தைப் போலவே பளபளக்கும். அழகாக்க வேண்டுமென்று முயன்றவனே தன் செயலுக்குச் சாட்சியையும் வைத்துச் செல்கிறான்.

இன்னொரு சான்று முகத்திலேயே உள்ளது. அச்சு வில்லையின்மீது பெரும் விசையுடன் இறங்கும்போது, உலோகம் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஓடிப் பரவுகிறது. அந்த ஓட்டத்தின் தடங்கள் நுண்ணிய வரிகளாகப் பூச்சின்மேல் பதிகின்றன. புதிய நாணயத்தை விளக்கின்கீழ் மெல்லச் சாய்த்துச் சுழற்றினால், ஒளிக்கற்றைகள் வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலச் சுழல்வது இவ்வரிகளால்தான். அமிலம் இவற்றை அரித்துவிடுகிறது. புதிய முலாம் மேலே படிந்து மூடிவிடுகிறது. எனவே மறுமுலாம் பூசிய நாணயம் எவ்வளவு மின்னினும், அந்த ஒளி சுழல்வதில்லை. கண்ணாடிபோல ஒரே சீராக நிற்கிறது. எழுத்துகளின் மூலைகளும் சற்று மழுங்கியிருக்கும். மெருகின் அடியில் துரு அரித்த சிறு குழிகளைக் கண்டால் ஐயத்திற்கு இடமேயில்லை.

விளிம்புச் சோதனை எல்லா எஃகு நாணயத்திற்கும் பொருந்துவதன்று என்பதனையும் கூறிவிட வேண்டும். பிரிட்டனில் 1992 முதல் ஒரு பென்னி நாணயம் செம்பு முலாம் பூசிய எஃகால் ஆனது. அங்கே வில்லையை வெட்டியபின் முலாம் பூசுகின்றனர். ஆதலின் விளிம்பும் செம்பாகவே இருக்கும். எஃகு செம்புக் கலவையைவிட இலேசானது. எனினும் எடை 3.56 கிராமாகவே இருத்தல் வேண்டுமென்று, கனத்தை 1.52 மில்லிமீட்டரிலிருந்து 1.65 மில்லிமீட்டராக உயர்த்தினர். இரு வகைப் பென்னிகளையும் ஒரு மாணவனிடம் கொடுத்து, எடையும் விட்டமும் நிறமும் ஒன்றாயிருக்க இரண்டையும் பிரித்துக் காட்டுமாறு கேட்பது நல்லதொரு பயிற்சியாகும்.

நம் நாட்டு எஃகு நாணயங்கள்

இந்திய எஃகு நாணயங்களின் இயல்பே வேறு. 1988-இல் 10, 25, 50 பைசா நாணயங்களும், 1992-இல் ஒரு ரூபாயும் துருப்பிடிக்காத எஃகில் வெளிவரத் தொடங்கின. இவ்வெஃகில் நூற்றுக்கு ஏறத்தாழ 83 பங்கு இரும்பும் 17 பங்கு குரோமியமும் உள்ளன; நிக்கல் இல்லை. இவற்றின்மேல் பூச்சு எதுவுமில்லை. எஃகிலுள்ள குரோமியமே காற்றுடன் கூடி, கண்ணுக்குப் புலனாகாத ஆக்சைடு படலமொன்றைத் தோற்றுவித்துக் காவல் புரிகிறது. கீறினாலும் அப்படலம் தானே மீண்டும் உண்டாகிவிடும். ஆகவே முகத்திலும் விளிம்பிலும் ஒரே உலோகம், ஒரே நிறம்.

வீட்டில் ‘எவர்சில்வர்’ என்று வழங்கும் நல்ல பாத்திரங்களும் துருப்பிடிக்காத எஃகுதான். ஆனால் அவற்றில் நிக்கலும் சேர்ந்திருப்பதால் அணுக்களின் அடுக்கமைப்பு மாறி, காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை. நாணயத்தின் எஃகு ஈர்க்கப்படும். ஒரு காந்தத்தையும், ஒரு டம்ளரையும், ஒரு ரூபாயையும் மேசைமேல் வைத்தால் ஒரு வகுப்பு முழுவதற்கும் பாடம் கிடைத்துவிடும். நிக்கல் சேராத மலிவான பாத்திரங்களும் இன்று விற்பனையில் இருப்பதால், டம்ளரை முன்கூட்டியே சோதித்துக்கொள்வது ஆசிரியருக்கு நலம்.

எடையைக் கொண்டு மட்டும் முடிவு செய்தல் தகாது என்பதற்கு நம் நாணயங்களே மற்றுமொரு சான்று தருகின்றன. 1992-இன் ஒரு ரூபாய் 4.85 கிராம் எடையும் 25 மில்லிமீட்டர் விட்டமும் உடையது. 2011-இல் வந்த புதிய வரிசையின் இரண்டு ரூபாயும் அதே எடை, அதே விட்டம். 1988-இன் 50 பைசா 3.79 கிராம்; 2011-இன் ஒரு ரூபாயும் 3.79 கிராம். பார்வை குன்றியோர்க்கு இதனால் நேரும் இடர் சிறிதன்று. மறுபுறம், ஐந்து ரூபாய் செம்பு-நிக்கல் கலவையில் 9 கிராமாக இருந்து, 2007-இல் எஃகிற்கு மாறியபோது அதே 23 மில்லிமீட்டர் விட்டத்தில் 6 கிராமாகக் குறைந்தது. ‘எடை குறைந்த ஐந்து ரூபாய்’ என்று எவரேனும் காட்டினால், அது பிழை நாணயமா, வேறு உலோகமா என்பதை முதலில் காந்தத்திடம் கேட்க வேண்டும்.

பொன்னிறமாகவோ செந்நிறமாகவோ உள்ள எஃகு ரூபாய் எனின், அது வெளியே வந்தபின் பூசிய முலாமேயாகும். துருப்பிடிக்காத எஃகின் ஆக்சைடு படலத்தின்மேல் முலாம் எளிதில் பற்றாது. தக்க முன்வேலை செய்யாமல் பூசியது, நகத்தால் கீறினாலே விளிம்போரத்தில் உரிந்து வெள்ளெஃகைக் காட்டும். எனினும் பிறர் நாணயத்தைக் கீறிச் சோதிக்க முற்படாதீர்கள். உருப்பெருக்கியால் விளிம்பை நோக்கினாலே உரிந்த இடம் தென்படும். இவ்விடத்தில் சட்டத்தையும் நினைவூட்டுவது பொருந்தும். 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் செல்லும் நாணயங்களை உருக்குவதையும் அழிப்பதையும் தடை செய்கிறது.

கடற்கரை ஊர்களில் இன்னொரு கவலையும் உண்டு. சங்குமுகத்தில் வீசும் காற்றில் நுண்ணிய உப்புத் துளிகள் மிதந்து வருகின்றன. கரையிலிருந்து உள்நாடு செல்லச் செல்ல அவற்றின் அளவு விரைவாகக் குறைகிறது. உப்பிலுள்ள குளோரைடு, துருப்பிடிக்காத எஃகின் காவல் படலத்தையும் புள்ளி புள்ளியாகத் துளைக்கவல்லது. நம் நாணயங்களில் சில இடங்களில் காணும் பழுப்புப் புள்ளிகள் இத்தகையனவே. ‘கலப்பட எஃகு’ என்று அவற்றைப் பழிப்பது தவறு. உலோகங்களைக் கடற்காற்று அரிக்கும் விதத்தைக் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபம் கடற்கரையில் மாதிரிகளை வெளியில் நிறுத்தி ஆராய்ந்துள்ளனர்.

வகுப்பில் இவற்றைச் செய்து காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில சொற்கள். பள்ளித் தராசுகள் பலவும் பத்தில் ஒரு கிராம் வரையே காட்டுபவை. ஒற்றை நாணயத்தின் வேறுபாட்டை அவற்றால் அறிய இயலாது. ஒரே ஆண்டின் ஒரு ரூபாய் நாணயங்கள் இருபதைச் சேர்த்து நிறுத்து, இருபதால் வகுத்துச் சராசரி காணச் செய்யலாம். நூற்றில் ஒரு கிராம் காட்டும் தராசு கிடைப்பின், ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்து வரைபடம் தீட்டச் சொல்லுங்கள். நாணயச்சாலையிலிருந்து வந்த நாணயங்களும் ஒரே எடையில் நில்லாமல், ஒரு நடு எடையைச் சுற்றிச் சிதறி நிற்பதை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர். துத்தநாக முலாம் பூசும் சோதனையை நாணயத்தின்மீது செய்ய வேண்டாம். ஓர் இரும்பு ஆணி போதும். முலாம் பட்டறைகளில் வழங்கிவந்த சயனைடு கரைசல்கள் கொடிய நஞ்சு. அவை பள்ளியின் வாயிலைக்கூட மிதிக்கலாகாது.

கள ஊழியரிடம் பழைய எஃகு நாணயம் ஒன்று வரின், துடைக்காமலும் தேய்க்காமலும் ஓரத்தைப் பிடித்து எடுத்து, ஆண்டு, விட்டம், எடை, காந்தச் சோதனையின் முடிவு, விளிம்பின் தோற்றம் ஆகியவற்றை அவ்விடத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். எடையை எந்தத் தராசில் நிறுத்தார் என்பதும், துரு ஒட்டியிருந்ததா என்பதும் குறிப்பில் இடம்பெற வேண்டும். இவையின்றி எழுதிய எடைக்குப் பொருளில்லை. விலை கேட்பவரிடம் முகப்பின் பளபளப்பைப் பற்றி ஒன்றும் கூறாது, முதலில் விளிம்பைக் காட்டி அவரையே பார்க்கச் சொல்லலாம். பாதுகாத்து வைக்க விரும்புவோர், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொடியைச் சிறு துணிப்பையில் கட்டி நாணயத்துடன் இறுக மூடிய புட்டியில் இட்டு வைப்பது போதுமானது. பொடி நிறம் மாறும் வகையாயின், நிறம் மாறியபோது மெல்லிய சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். ஜூன் மாத மழை தொடங்குமுன் ஒருமுறை இதனைச் செய்துகொள்வது இப்பகுதிக்குத் தேவையானது.